கரூரில் இரண்டு நாள் வங்கிப் பங்கு வகுப்பு: கட்டின காசுக்கு என்ன கிடைத்தது?

போன மாதம் கரூரில் ஒரு வகுப்புக்குப் போயிருந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாள். வங்கிகளின் கணக்கைப் படித்து அவற்றின் பங்கு விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று புரிந்துகொள்வதுதான் தலைப்பு. கட்டணம் 3,800 ரூபாய், மதியச் சாப்பாடும் டீயும் அதில் அடக்கம். நடத்தினவர்கள் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கடைசியில் ஒரு விஷயத்தில் எனக்குக் கடுப்பு இருக்கிறது, பெயரோடு எழுதினால் பேச்சு வேறு எங்கோ போய்விடும். இந்த மாதிரி வகுப்புகள் இப்போது ஊருக்கு ஊர் நடக்கின்றன, அதனால் எந்தப் பகுதிக்குக் காசு கொடுக்கலாம், எது தண்டம் என்று தெரிந்துகொள்ள இது உதவும் என்றுதான் எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால் இரண்டு நாளில் ஒன்றரை நாள் தங்கம், மிச்சம் தகரம்.

நான் ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தனியார் வங்கியின் பங்கு வாங்கினேன், எந்த வங்கி என்பது வேண்டாம். புத்தக மதிப்பு, அதாவது வங்கியின் கணக்குப்படி ஒரு பங்குக்குச் சேரும் சொந்த நிதி, 90 ரூபாய், சந்தையில் 40க்குக் கிடைக்கிறது. ஆடித் தள்ளுபடியில்கூட இப்படி வராது என்று நினைத்து வாங்கினேன். 32க்கு இறங்கியது, இன்னும் மலிவு என்று மறுபடி வாங்கினேன். 25க்கு வந்தபோது மூன்றாவது முறை. பையனுக்கு வண்டி வாங்க வைத்திருந்த பணம் முழுக்க அதில் போய், கடைசியில் 14க்கு விற்றுவிட்டு வெளியே வந்தேன். மலிவான பங்கு ஏன் இன்னும் மலிவாகிறது என்ற ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் போதும் என்றுதான் பணம் கட்டினேன்.

இடம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடி ஹால். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள், பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதி ஜவுளி வியாபாரம், கொசுவலை, பஸ் பாடி கட்டுகிற பட்டறை என்று உள்ளூர்க்காரர்கள். பாடம் எடுத்தவர் ஒரு பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் சார் என்றுதான் கூப்பிட்டோம், நானும் சார் என்றே எழுதுகிறேன்.

முதல் ஒன்றரை மணி நேரம் வீண். 1969இல் 14 வங்கிகள் தேசியமயம், 1980இல் இன்னும் 6, 1991க்குப் பிறகு தனியார் வங்கிகள் என்று பள்ளிக்கூட வரலாறு. ப்ரொஜெக்டர் வேறு நடுநடுவே நீலமாக மாறி நின்றுவிடும், ஒரு பையன் ஓடிவந்து வயரைப் பிடுங்கிச் சொருகுவான். இரண்டு பேர் தூங்கியே விட்டார்கள். நானும் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன்.

பதினொன்றரைக்கு மேல்தான் சார் ப்ரொஜெக்டரை அணைக்கச் சொல்லிவிட்டு, போர்டில் "அடகுக் கடை" என்று எழுதினார். அங்கிருந்துதான் வகுப்பே ஆரம்பம் என்று சொல்வேன். உங்கள் சொந்தப் பணம் 10 லட்சம். ஊராரிடம் வட்டிக்கு வாங்கினது 90 லட்சம். மொத்தம் 100 லட்சத்தையும் கடனாகக் கொடுத்திருக்கிறீர்கள். நூறு ரூபாயில் 5 ரூபாய் வராமல் போனால் நட்டம் 5 சதவீதம் மாதிரித் தெரியும். ஆனால் ஊராருக்கு 90 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும், அதனால் போனது உங்கள் 10 லட்சத்தில் பாதி. 10 ரூபாய் வராமல் போனால் கடையே உங்களுடையது இல்லை. வங்கியின் பங்கை வாங்குகிறவன் அந்த 10 லட்சத்தில்தான் பங்கு வாங்குகிறான், 100 லட்சத்தில் இல்லை. ஒரு நூற்பாலைக்கு மோசமான வருடம் வந்தால் மெஷின் அப்படியே நிற்கும், அடுத்த வருடம் ஓட்டிக்கொள்ளலாம். வங்கியில் மெஷின் என்பதே அந்தக் கடன்தான், அது கெட்டால் எதுவும் மிஞ்சாது.

இதை நான் பத்து வருடமாகப் படித்திருக்கிறேன், கொஞ்சம் சொந்தப் பணத்தில் நிறையக் கடன் வாங்கி நடத்துவதற்கு லீவரேஜ் என்ற வார்த்தையும் தெரியும். ஆனால் கடையே உங்களுடையது இல்லை என்று அவர் அந்த 10ஐ அடித்துக் காட்டினபோதுதான் மண்டையில் ஏறியது. கிட்டத்தட்ட இந்த 10தான் மூலதனப் போதுமை விகிதம். ரிசர்வ் வங்கி குறைந்தபட்சம் 9 சதவீதம் கேட்கிறது, அதோடு நட்டத்தைத் தாங்க மெத்தை மாதிரிச் சேர்த்துவைக்க வேண்டிய கூடுதல் மூலதனத்தையும் கணக்கில் எடுத்தால் 11.5. அதற்குக் கீழே போனால் ரிசர்வ் வங்கி வாசலுக்கு வந்துவிடும்.

அப்போது நான் கையைத் தூக்கி என் பழைய கேள்வியைக் கேட்டேன். "சார், புத்தக மதிப்பு 90, விலை 40 என்றால் அது மலிவுதானே?" சார் ஒரு நொடி பார்த்துவிட்டு, "அந்த 90ஐ எழுதினது யாரு?" என்றார். ஹாலில் சிரிப்பு. எழுதினது அந்த வங்கியே. எந்தக் கடன் கெட்டுவிட்டது, எது இன்னும் நல்ல கடன், கெட்டதற்கு எவ்வளவு ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதையெல்லாம் விதிமுறைக்குள் வங்கியே முடிவு செய்து, மிச்சம் இருப்பதுதான் புத்தக மதிப்பு. 90 நாள் தவணை வராவிட்டால் வாராக்கடன் என்பது விதி, ஆனால் 89வது நாள் வேறு பெயரில் புதுக் கடன் கொடுத்துப் பழைய தவணையைக் கட்டவைத்தால் கடன் நல்ல கடனாகவே தெரியும். கடன் பிரிவில் இருந்தவர் என்பதால் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு குறும்பு.

அப்புறம் என் கேள்வியையே கணக்காகப் போட்டார். சொந்த நிதி 900 கோடி, பங்குகள் 10 கோடி, ஆகப் புத்தக மதிப்பு 90. ஒதுக்கீடு போக இன்னும் 500 கோடி வாராக்கடன் நிற்கிறது. அது முழுக்கப் போனால் மிஞ்சுவது 400 கோடி, பங்குக்கு 40. அதாவது சந்தை அந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டது, நான்தான் தள்ளுபடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதோடு விடவில்லை. மூலதனம் பத்தாமல் அந்த வங்கி 40 ரூபாய்க்கு இன்னும் 10 கோடி பங்கு வெளியிட்டால் என்ன ஆகும்? புதுசாக 400 கோடி வந்து சொந்த நிதி 800 கோடி ஆகிறது, ஆனால் பங்கு 20 கோடி. நாளைக்கு அந்த 500 கோடி கடன் அதிசயமாகத் திரும்பி வந்தால்கூட பழைய பங்குதாரருக்குப் பங்குக்குக் கூடுதலாக 50 ரூபாய் கிடைக்காது, 25தான். கடன் வசூலானாலும் லாபத்தில் பாதி புதிதாக வந்தவனுக்கு. நான் வாங்கின வங்கியில் நடந்தது இதேதான். மூன்று முறை வாங்கினபோதும் இந்த இரண்டாவது பாதியை நான் யோசித்ததே இல்லை. 3,800 ரூபாயில் பாதி அந்த இருபது நிமிடத்துக்கே சரியாகப் போயிற்று.

சாப்பாடு பற்றி ஒரு வரி. சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு, ஒரு ஜாங்கிரி. நன்றாகவே இருந்தது. ஏசி மட்டும் மதியத்துக்கு மேல் மூச்சு வாங்கியது.

மதிய வகுப்புதான் மொத்தத்தில் சிறந்தது. கரூரில் உட்கார்ந்துகொண்டு வங்கிப் பங்கு பற்றிப் பேசினால் எதைப் பேசுவார்கள்? இந்த ஒரே ஊரில் பிறந்த இரண்டு வங்கிகளைத்தான். 1916இல் தொடங்கியது கரூர் வைஸ்யா வங்கி, 1926இல் தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. இரண்டும் இந்த ஊர் வியாபாரிகள் ஆரம்பித்தது, ஒரே மாதிரி ஜவுளிக்காரருக்கும் கடைக்காரருக்கும் கடன் கொடுத்து வளர்ந்தது. சார் போர்டில் நடுவே ஒரு கோடு போட்டு, மேலே 2020 மார்ச் என்று எழுதி, இரண்டு பக்கமும் இரண்டே இரண்டு எண்கள் எழுதினார்.

இடது பக்கம் லட்சுமி விலாஸ். மொத்த வாராக்கடன் 25.39 சதவீதம், மூலதனப் போதுமை 1.12. வலது பக்கம் கரூர் வைஸ்யா. மொத்த வாராக்கடன் 8.68 சதவீதம், மூலதனப் போதுமை 17க்கு மேல். அந்த மாதம் கொரோனா பயத்தில் சந்தையே சரிந்துகொண்டிருந்தது, இரண்டு பங்கையும் யாரும் சீந்தவில்லை, கரூர் வைஸ்யாவே 20 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. 8.68 சதவீதம் என்பது நல்ல எண் இல்லை என்பதையும் சார் சொல்லத் தவறவில்லை. ஆனால் அடகுக் கடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவனிடம் நட்டத்தைத் தாங்க ஒரு ரூபாய் இருக்கிறது, இன்னொருவனிடம் 17 ரூபாய் இருக்கிறது.

அப்புறம் என்ன ஆயிற்று என்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் தேதி வாரியாகப் பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது. லட்சுமி விலாஸ் வங்கி சிறு கடன்களை விட்டுவிட்டுப் பெரிய நிறுவனங்களுக்குப் பெரிய தொகைகளாகக் கொடுக்கப் போனது, அதில் பல திரும்பவில்லை. 2017 கடைசியில் ஏற்கெனவே இருக்கும் பங்குதாரர்களுக்கே விற்கிற உரிமைப் பங்கை 122 ரூபாய்க்கு வெளியிட்டு 780 கோடிக்கு மேல் திரட்டியது, அதுவும் பத்தவில்லை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதை, நலிந்த வங்கிகளுக்குக் கட்டுப்பாடு போடும் உடனடித் திருத்த நடவடிக்கைப் பட்டியலில் வைத்தது. வீட்டுக்கடன் நிறுவனமான இந்தியாபுல்ஸ் ஹவுசிங்கோடு இணைவதாகச் சொன்ன திட்டத்தை அடுத்த மாதமே ரிசர்வ் வங்கி மறுத்தது. 2020 செப்டம்பர் பொதுக்குழுவில் பங்குதாரர்களே நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களை ஓட்டுப்போட்டு வெளியே அனுப்பினார்கள். நவம்பர் 17 அன்று 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. நவம்பர் 27 அன்று சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. தடை வந்த அன்று பங்கு சுமார் 15 ரூபாய். இணைப்புத் திட்டத்தில் பங்கு மூலதனம் முழுக்க ரத்து. 15 என்பது 7 ஆகி, அப்புறம் கணக்கிலேயே இல்லாமல் போயிற்று. 122 ரூபாய் கொடுத்தவருக்கும் 12 ரூபாய்க்குச் சூதாடினவருக்கும் ஒரே முடிவு.

அப்போது முன் வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் கேட்டார், "டெபாசிட் போட்டவங்களுக்கு ஒரு பைசா குறையாம வந்துச்சே சார், ஷேர் வச்சிருந்தவங்களும் அதே பேங்க்கைத்தானே நம்புனாங்க?" சார் இதற்கு நேரம் எடுத்துப் பதில் சொன்னார், அவசரப்படவில்லை. "நீங்க டெபாசிட் போட்டா பேங்க்குக்குக் கடன் குடுக்கறீங்கம்மா, ஷேர் வாங்குனா பேங்க்கே நீங்கதான். கடன்காரனுக்குக் குடுத்தது போக மிச்சம் இருந்தாத்தான் முதலாளிக்கு." லாபம் வந்தால் டெபாசிட்காரருக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது, பங்குதாரருக்கு எல்லை கிடையாது. நட்டம் வந்தால் தலைகீழ். அந்தம்மா தலையாட்டினார், ஆனால் சமாதானம் ஆன மாதிரித் தெரியவில்லை.

வலது பக்கக் கதை சந்தோஷமானது. கரூர் வைஸ்யாவின் மொத்த வாராக்கடன் 2021 மார்ச்சில் 7.85, 2023 மார்ச்சில் 2.27, 2024இல் 1.40, 2025இல் 0.76. லாபம் 2019-20இல் 235 கோடியாக இருந்தது 2024-25இல் 1,942 கோடி. பங்கு 2024இல் 200 ரூபாயைத் தாண்டியது. இங்கே சார் சொன்ன ஒரு விஷயத்தை நான் கோடு போட்டு வைத்திருக்கிறேன். 2020இல் அந்த வங்கியிடம் 17 ரூபாய் இல்லாமல் 10 ரூபாய் இருந்திருந்தால் அது 20 ரூபாய் விலைக்கே புதுப் பங்கு விற்றிருக்கும், அப்போது வங்கி இதே மாதிரி தேறியிருந்தாலும் பழைய பங்குதாரருக்குப் பத்து மடங்கு கிடைத்திருக்காது. லாபம் ஏறினதால் மட்டும் விலை ஏறவில்லை, அந்த லாபத்தைப் பங்கு போட ஆள் கூடவில்லை. காலையில் என் கேள்விக்குப் போட்ட கணக்கின் மறுபக்கம் இது. இதை ஒரு ஊரின் இரண்டு வங்கிகளை வைத்துக் காட்டினது பாடம் எடுக்கிறவரின் கெட்டிக்காரத்தனம்.

ஒரு குறை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 74 பக்க ஜெராக்ஸ் கட்டு ஒன்று கொடுத்தார்கள். இந்த இரண்டு வங்கிகளின் விலை வரைபடம் அதில் இருக்கிறது, ஆனால் மூலத்தில் சிவப்பும் பச்சையுமாக இருந்த கோடுகள் ஜெராக்ஸில் இரண்டும் கறுப்பு. கடைசியில் எது மேலே போகிறது, எது தரையில் முடிகிறது என்று தெரிகிறது, ஆனால் 2015இலிருந்து 2018 வரை இரண்டும் பின்னிக்கொண்டு கிடக்கின்றன, எது எது என்றே தெரியவில்லை. யோசித்தால், அப்போது வாங்கினவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

ஞாயிறு காலை யெஸ் வங்கியில் தொடங்கியது. இது எல்லாரும் அறிந்த கதை, ஆனால் சார் எடுத்த கோணம் வேறு. 2018 ஆகஸ்டில் 400 ரூபாய் அளவில் இருந்த பங்கு அது. வங்கி சொன்ன வாராக்கடனுக்கும் ரிசர்வ் வங்கி ஆய்வில் கண்டுபிடித்ததற்கும் 2015-16இல் 4,176 கோடி வித்தியாசம், 2016-17இல் 6,355 கோடி வித்தியாசம். இதை வங்கியே ஆண்டறிக்கையில் அச்சடித்துக் கொடுத்திருந்தது, ரகசியம் ஒன்றுமில்லை. அப்படியும் பங்கு ஏறிக்கொண்டுதான் இருந்தது. 2018 செப்டம்பரில் நிறுவனர் ராணா கபூரின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி முழுசாக நீட்டிக்க மறுத்தபோதுதான் ஒரே நாளில் சுமார் 30 சதவீதம் விழுந்தது. 2019 பிப்ரவரியில் 2017-18க்கு வித்தியாசம் ஏதுமில்லை என்று வங்கி அறிவித்ததும் மறுபடி ஒரே நாளில் 30 சதவீதம் ஏறியது. ஒரு வருடம் கழித்து 2020 மார்ச் 5 அன்று 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை. ஸ்டேட் வங்கி 10 ரூபாய்க்குப் பங்கு வாங்கி உள்ளே வந்தது, யெஸ் வங்கி வெளியிட்டிருந்த 8,415 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்கள் பூஜ்யமாயின. இடையில் ஏறின 30 சதவீதத்தை நம்பி வாங்கினவர்கள் நிலைமையை நினைத்துப் பார்க்கிறேன். நான் அந்த வங்கியில் இல்லை, ஆனால் அதே மனநிலையில் வேறொன்றில் இருந்திருக்கிறேன்.

அதற்கடுத்து இந்த வகுப்பின் உண்மையான கைவேலை. ஆண்டறிக்கையில் அட்டவணை 18, கணக்குகள் மீதான குறிப்புகள். அதில் வாராக்கடன் நகர்வு என்று ஒரு சின்னப் பட்டியல் வரும். சார் ஒரு கற்பனை வங்கியைப் போர்டில் எழுதினார். வருட ஆரம்பத்தில் வாராக்கடன் 1,000 கோடி, மொத்தக் கடன் 10,000 கோடி. வருடக் கடைசியில் வாராக்கடன் 800, மொத்தக் கடன் 12,000. பத்திரிகையில் என்ன வரும்? வாராக்கடன் 10 சதவீதத்திலிருந்து 6.67 சதவீதமாகக் குறைந்தது என்று வரும், பங்கும் ஏறும். இப்போது நடுவில் உள்ள வரிகளைப் படியுங்கள் என்றார். வருடத்தில் புதிதாகக் கெட்டது 600. வசூல் 200, தவணை கட்டி மறுபடி நல்ல கடனானது 100, கணக்கிலிருந்து தள்ளியது 500. ஆக ஒரே வருடத்தில் நூற்றுக்கு 6 ரூபாய் புதிதாகக் கெட்டிருக்கிறது, பழைய குப்பையில் பாதியைக் கூட்டி வாசலுக்கு வெளியே தள்ளியிருக்கிறார்கள், வீடு சுத்தமாகத் தெரிகிறது. தள்ளினதற்கு முழு ஒதுக்கீடும் லாபத்திலிருந்துதான் போயிருக்கும், நாளைக்கு அதில் கொஞ்சம் வசூலானால் லாபமாக வரும், அதனால் தள்ளுவதே தப்பு இல்லை. ஆனால் புதிதாகக் கெடுவது குறையாமல் விகிதம் மட்டும் குறைந்தால் அடுத்த வருடமும் இதே கூட்டல் பெருக்கல்தான். போதாததற்குக் கடனை வேகமாக வளர்த்தால் கீழே உள்ள எண் பெரிதாகி விகிதம் தானாகவே அழகாகிவிடும். புதுக் கடன் கெட்டுப்போக இரண்டு மூன்று வருடம் ஆகும் என்பதை அந்த விகிதம் சொல்லாது.

இதை ஆளுக்கு ஒரு நிஜ ஆண்டறிக்கை கொடுத்துச் செய்யவைத்தார். என் பக்கத்தில் இருந்த பட்டறைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே, "நம்ம பாக்கிப் புத்தகம் மாதிரியே இருக்குதுங்க" என்றார். அதேதான்.

பொதுத்துறை வங்கிகளை மட்டும் சார் அவசரமாகத் தாண்டிவிட்டார், அவர் வேலை பார்த்த இடம் என்பதாலோ என்னவோ. 2017 அக்டோபரில் 2.11 லட்சம் கோடி மூலதனம் தருவதாக மத்திய அரசு அறிவித்ததும் ஸ்டேட் வங்கி ஒரே நாளில் 27 சதவீதம் ஏறினது, இந்தியன் வங்கி 2020இல் 50க்குக் கீழே இருந்து 2024இல் 500ஐத் தாண்டினது, ஐஓபி 2015இலிருந்து 2021 வரை திருத்த நடவடிக்கையில் கிடந்தது என்று மூன்று ஸ்லைடு. ஐஓபியில் ஒரு சங்கதி கேட்கத் தகுந்தது, 96 சதவீதத்துக்கு மேல் பங்கு அரசிடமே இருந்ததால் சந்தையில் புழங்கின பங்கு ரொம்பக் கொஞ்சம், அப்படிப்பட்ட பங்கின் விலையை வைத்து வங்கியின் ஆரோக்கியத்தைக் கணிக்காதீர்கள் என்றார். சரியான பேச்சு, ஆனால் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

கடன் கெடாத வங்கியின் பங்கும் விழும் என்பதற்கு எச்டிஎஃப்சி வங்கியைக் காட்டினார். 2024 ஜனவரியில் அறிவித்த காலாண்டு லாபம் 16,372 கோடி, வாராக்கடன் ஒன்றேகால் சதவீதம். மறுநாள் பங்கு 8 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. முந்தைய ஜூலையில் எச்டிஎஃப்சி வீட்டுக்கடன் நிறுவனம் அதோடு இணைந்ததில் கடன் மலை மாதிரி வந்து சேர்ந்தது, அதற்கேற்ற டெபாசிட் வரவில்லை. 100 ரூபாய் டெபாசிட்டுக்கு 110 ரூபாய்க்கு மேல் கடன் என்ற நிலை. மிச்சம் பணத்தை அதிக வட்டிக்கு வெளியே வாங்க வேண்டும், அதனால் வட்டி லாபம் சுருங்கும் என்று சந்தை பயந்தது. மூலதனம் நல்லது, கடன் நல்லது, ஆனால் கையில் வரும் மலிவுப் பணம் பத்தவில்லை. இண்டஸ்இண்ட் இன்னொரு ரகம். 2025 மார்ச் 10 அன்று டெரிவேடிவ் (வட்டி, டாலர் விலை போன்றவற்றை வைத்துப் போடும் ஒப்பந்தங்கள்) கணக்கில் பிசகு, சொந்த நிதியில் சுமார் 2.35 சதவீதம் பாதிக்கும் என்று அறிவித்தது. மறுநாள் பங்கு 27 சதவீதம் சரிந்தது. போனது 2.35, விழுந்தது 27, மிச்சம் எதற்கு என்று சார் கேட்டார். ஹாலில் மூன்று நான்கு பேர் ஒரே குரலில் "அந்த 90ஐ எழுதினது யாரு" என்றார்கள். சனிக்கிழமை பாடம் ஏறிவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம்.

வட்டி விகிதம் பற்றி இன்னும் வேண்டும் என்று தோன்றியது. 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை, 6.5இலிருந்து 5.5க்குக் குறைத்தது, ரெப்போவோடு கட்டின வீட்டுக்கடன் வட்டி சீக்கிரமே இறங்கிவிடும், ஏற்கெனவே போட்ட டெபாசிட்டுக்கு முதிர்வு வரை பழைய வட்டியே கொடுக்க வேண்டும், நடுவில் வங்கி நசுங்கும். இதற்குப் பத்து நிமிடம்தான் கொடுத்தார். அந்த முதல் நாள் வரலாற்றுப் பாடத்தைத் தூக்கிவிட்டு இதை வைத்திருக்கலாம்.

இப்போது கடுப்புக்கு வருகிறேன். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சார் ஓரமாக உட்கார்ந்துவிட்டார், கோட் போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்தார். வருடத்துக்கு 12,000 ரூபாய் கட்டினால் வாட்ஸ்அப் குழுவில் எந்த வங்கிப் பங்கை எப்போது வாங்கலாம் என்று சொல்வார்களாம், இன்றைக்கே சேர்ந்தால் 9,000. ஒன்றரை மணி நேரம் இதே பேச்சு. பாடம் நடத்துகிறேன் என்று சொல்கிறவர்கள் மூன்று மாதத்துக்கு உட்பட்ட விலையைக் காட்டிப் பேசக்கூடாது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 ஜனவரியில் சொன்னது, எந்தப் பங்கை வாங்கலாம் என்று காசு வாங்கிக்கொண்டு சொல்வதற்கு செபியில் பதிவு வேண்டும். பதிவு எண் என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் எங்க பார்ட்னர் கம்பெனி பாத்துக்கும் சார்" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார். இரண்டு நாள் முழுக்க, எழுதினது யார் என்று கேள் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் யார் எழுதுகிறார்கள் என்றே தெரியாத டிப்ஸை விற்கிறார்கள். ஆறேழு பேர் பணமும் கட்டினார்கள். சார் அந்த நேரம் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

வீட்டுக்கு வந்து, இப்போது என்னிடம் இருக்கும் ஒரு வங்கியின் மூன்று வருட ஆண்டறிக்கையை இறக்கி அட்டவணை 18ஐத் தேடிப் பிடித்தேன், ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. மூன்று வருடமும் வசூலானதைவிடத் தள்ளினது அதிகம், புதிதாகக் கெடுவதும் குறையவில்லை. பாதியை விற்றேன். விற்ற பிறகு அது 6 சதவீதம் ஏறியிருக்கிறது, வீட்டில் இதைச் சொல்லவில்லை.

அடுத்த வகுப்பு திண்டுக்கல்லில் என்று சொன்னார்கள், தேதி இன்னும் வரவில்லை. போகிறவர்கள் சனிக்கிழமை பதினொன்றரைக்குப் போனால் போதும், முன் வரிசையில் இடம் பிடியுங்கள், சார் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். ஜெராக்ஸ் கட்டை வாங்கினதும் வரைபடப் பக்கத்தில் அவரிடமே கேட்டு இரண்டு கோட்டையும் கலர் பேனாவால் இழுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் ஜாங்கிரி சாப்பிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம், லிஃப்ட் வேலை செய்யாது, படி பின்பக்கம் இருக்கிறது.